கிள்ளான் தேரில் ஏறிய தகரச் சூரியன்

தகரத்தை ஒட்ட வைக்கிற ஈயப் பற்று சூட்டில் இளகும்போது சத்தம் வராது. மங்கலாக இருக்கும் ஈயம் ஈரம் பட்டது போல மெல்லப் பளபளக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த நொடியும் ஓடிவிடும். பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும்போது இதில் பயப்பட ஒன்றுமில்லை. சூடு வைப்பதும் எடுப்பதும் நம் கையில் இருக்கிறது. அதே பளபளப்பை நான் ஒருமுறை கிள்ளான் தெருவில், ஜனங்களின் தலைக்கு மேலே பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தகரத்தை வெட்டவும் மடிக்கவும் சொல்லித்தர இப்போது பட்டறையில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேலையை விட்டு நாளாகிவிட்டது. என்னிடம் சொல்ல மிச்சமிருப்பது அந்தச் சாயங்காலம்தான்.

அப்போது எங்கள் பட்டறை பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்தது. நான் சாலாக் செலாத்தானிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வெட்டுவதும் தட்டுவதும் மாமனாரும் என் கணவரும். வந்த புதிதில் என்னை மூலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். என் கை நடுங்காததைப் பார்த்துவிட்டு மாமா ஒருநாள் பற்றிரும்பை என் கையில் கொடுத்தார். அதிலிருந்து பட்டறையில் பற்று வைப்பது என் வேலையாகிவிட்டது. வாளி, பெட்டி, விளக்கு என்று செய்துகொண்டிருந்தோம்.

அந்த நாளில் கிள்ளானிலிருந்து ஒரு பழுதுவேலை வந்தது. கப்பலில் வந்த மாலுமி ஒருவர் அங்கிருந்த மாதா கோயிலுக்கு ஒரு படத்தைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். படத்தைச் சுற்றியிருந்த சட்டம் முழுக்கத் தகரம். மெக்சிகோ என்ற தேசத்தில் செய்தது என்றார்கள். அந்தத் தேசம் கிழக்கா மேற்கா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் செய்தவர் நம் ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து ஆணியால் தட்டித் தட்டி, முன்னால் முத்து முத்தாக எழும்பிய புள்ளிகள். உச்சியில் கதிர் விரித்த சூரியன். பக்கத்துக்கு ஒரு பறவை. அடியில் வரிசையாகப் பூ மொட்டு போலச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். இடையிடையே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள். நசுங்கிய மூலையை நிமிர்த்தத்தான் அனுப்பியிருந்தார்கள். என் கணவர் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் காகிதத்தில் அச்சு அசலாக வரைந்து எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்குச் சட்டம் செய்தார். ஜனங்கள் தேடி வந்து வாங்கினார்கள். "மெக்சிகோ சட்டம்" என்றால் எங்கள் பட்டறைதான் என்று ஆகிவிட்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அருளப்பன் கிராணி வந்தார். துறைமுகத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. மாதா கோயில் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர். நல்ல மனிதர். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் கரிப்புகைக்குள் தயங்காமல் வந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் மழை. தேர் இருட்டுலயே போச்சு," என்றார். "இந்த வருஷம் தூரத்துலேருந்தே மாதா தெரியணும். அந்தப் படத்துல இருக்கிற சூரியன் மாதிரி, பெருசா, மாதாவுக்குப் பின்னால நிக்கணும். செய்வீங்களா?"

என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தோளில் தூக்கிப் போகிற தேர் அது. சிலைக்குப் பின்னாலிருந்து எழும்பி, முன்பக்கமாக வளைந்து நிற்கும் ஒரு தகர வளைவு. வளைவின் உச்சியில், ஒரு ஆள் கை விரித்தால் கொள்ளும் அகலத்தில் சூரியன். சூரியனின் அடியில் இடமும் வலமும் காது போல நீட்டிய இரண்டு தகரப் பட்டைகள். அவற்றை வளைவோடு பற்று வைத்து நிறுத்தினேன். காதுகளுக்கு முன்னால், அந்தச் சட்டத்தில் இருந்தது போலவே கிண்ணங்கள். அதில் காகிதப் பூ வைப்பதாகப் பேச்சு. வெளிச்சத்துக்குத் தேரின் நான்கு மூலையிலும் கண்ணாடி விளக்குகள்.

திருவிழாவன்று எல்லாவற்றையும் வைக்கோலில் சுற்றி ரயிலில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம், நானும் என் கணவரும். கோயில் வாசலில் வைத்துத் தேரில் மாட்டினோம். வெயில் தகரச் சூரியன் மேல் பட்டபோது கூடியிருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். என் கணவர் கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றார்.

பவனி புறப்படக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கிராணி ஒரு கூடையோடு வந்தார். கூடை நிறையத் தடித்த மெழுகுவர்த்திகள். ஒரு ஆளை மேலே ஏற்றி, ஒவ்வொன்றாகக் கிண்ணங்களில் நிறுத்தச் சொன்னார்.

நான் ஓடினேன். "கிராணி ஐயா, அது பூ வைக்கிறதுக்குங்க. நெருப்பு கூடாது. பின்னால பற்று இருக்கு."

"மெழுகுவர்த்திதானேம்மா. எவ்வளவு சூடு வந்துடும்?"

"நேரா பட்டா போதுங்க. ஈயம் ஓடிடும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காகிதப் பூ இங்கேருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல. விளக்கு நாலும் கீழ இருக்கு. கொஞ்ச நேரம்தானே, காத்து வேற அடிக்குது."

என் கணவரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால், "ஒப்படைச்சாச்சு. அவங்க திருவிழா. நாம என்ன சொல்ல முடியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது எங்கள் கோயில் இல்லை. கூலிக்கு வேலை செய்ய வந்தவர்கள் நாங்கள். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் கிராணியின் கையைத் தட்டிவிட எனக்கு என்ன உரிமை?

மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காதுகளைத் தொடாமல் எரிந்தன. அண்ணாந்து பார்த்தேன். ஈயம் மங்கலாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. காற்று இருக்கும்வரை பயமில்லை. காற்று இல்லாத இடத்தில் தேர் நின்றால்தான் ஆபத்து.

கோயிலில் விளக்கு, மணி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம், "தேர் எங்கெல்லாம் நிக்கும்?" என்று கேட்டேன். மெழுகுவர்த்தி அணைக்கிற நீளக் கோலைப் பிடித்துக்கொண்டு தேருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கோலின் முனையில் குல்லா மாதிரி ஒரு தகரக் கூம்பு.

"கடைத்தெரு மூலையில ஒரு தடவை நிக்கும். பிரார்த்தனை சொல்லி முடிச்சிட்டுத்தான் கிளம்பும்."

மூலை. இரண்டு பக்கமும் மாடிக் கடைகள். காற்று எப்படி வரும்? மறுபடி கிராணியிடம் போனேன். "மூலையில நிக்காம போயிடலாமாங்க?"

"தேர் நிக்காம எப்படிம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது.

தேர் கிளம்பியது. முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட சிறுமிகள் பூத்தூவிக்கொண்டு நடந்தார்கள். அவர்களில் ஒருத்தி கிராணியின் மகள் பிலோமினா. தேரின் முன்கட்டையில் இடது பக்கம் தோள் கொடுத்திருந்தவர் சூசை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நான் அவருக்கு இரண்டடி தள்ளி, கழுத்து வலிக்க அண்ணாந்தபடியே நடந்தேன். என் கணவர் தேருக்குப் பின்னால் வந்தார். குறுக்கே வருகிற மரக்கிளைகளை விலக்குவதற்காகத் துறட்டிக் கோலோடு வந்த ஒருவரிடம் அதைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். ஏன் வாங்கினீர்கள் என்று பிறகு கேட்டேன். சும்மா இருக்க முடியவில்லை என்றார்.

தூரத்திலிருந்தே மாதா தெரிந்தாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொழுது சாய்கிற வெளிச்சத்தில் அந்தச் சூரியன் உயிரோடு இருப்பது போலத்தான் இருந்தது. சாலையோரத்தில் நின்ற சீனர்களும் மலாய்க்காரர்களும்கூடக் கையை நீட்டிக் காட்டினார்கள். கிராணி திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

மூலை வந்தது. தேர் நின்றது. பின்னாலிருந்து பங்குச் சாமியார் பிரார்த்தனையைத் தொடங்கினார். ஜனங்கள் பதில் சொன்னார்கள்.

சாய்ந்திருந்த சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. கடைசியாக இடது ஓரத்துச் சுடரும் நிமிர்ந்து, நேராகக் காதைத் தொட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. ஒருவேளை நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் இடது காதில் அந்தப் பளபளப்பு வந்தது.

சூசை பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். "தங்கச்சி, மேல என்ன? தோள்ல என்னமோ ஊத்துது." ஒரு சொட்டு ஈயம் அவர் சட்டையைப் பொசுக்கி உள்ளே இறங்கியிருந்தது.

சூரியன் முன்பக்கமாக, ஒரு விரல் அளவு சாய்ந்தது. அது சாயும் பக்கம், தேருக்கு முன்னால் சிறுமிகள்.

கிராணியும் அதைப் பார்த்துவிட்டார். "இறக்குங்க!" என்று கத்தினார். "தேரைக் கீழே வைங்க!"

யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தேரை இறக்க முதலில் குனிய வேண்டியவர்கள் முன்னால் நிற்பவர்கள். முன்கட்டை தாழ்ந்தால் சூரியன் இன்னும் முன்னால் சாயும். பற்று இளகியிருக்கும்போது ஒரு சின்ன அதிர்வு போதும். கதிரும் கண்ணாடியுமாக அப்படியே குழந்தைகள் மேல் வந்துவிழும். இதை அங்கே நின்று யாருக்கு விளக்குவது?

"இறக்காதீங்க," என்றேன். "அண்ணே, அசையாம நில்லுங்க. யாரும் குனியாதீங்க."

தூக்கியிருந்தவர்கள் தடுமாறினார்கள். ஒரு பக்கம் கிராணியின் குரல். இன்னொரு பக்கம் முன்பின் தெரியாத ஒருத்தியின் குரல். வலது பக்கம் நின்றவருடைய முழங்கால் மடியத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சூசைக்குத் தோள் வெந்துகொண்டிருந்தது. இறக்கி வைத்தால் அந்த நிமிஷமே அவருக்கு விடுதலை. அவர் தலையை நிமிர்த்த முடியாமலே, "டேய், நில்லுங்கடா. அந்தப் பொண்ணு சொல்றபடி நில்லு," என்றார். எல்லாரும் நின்றார்கள்.

கிராணி மறுபடி கத்த வாயைத் திறந்தார். அவர் பயந்திருந்தார். பயந்துபோன பெரிய மனிதரிடம் சும்மா இருங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார். அவருக்கு உடனே ஒரு வேலை கொடுக்க வேண்டும். அப்போது இதையெல்லாம் யோசித்துச் செய்தேனா என்று தெரியாது. ஆனால் வாயில் வந்தது அதுதான். "ஐயா, பிள்ளைங்களை நீங்க கூட்டிட்டுப் போங்க. உங்க பொண்ணோட கையைப் பிடிச்சிட்டு அந்தக் கடை ஓரத்துக்குப் போங்க. ஓடாதீங்க, நடந்து போங்க." அவர் மகளைப் பார்த்தார். அடுத்த கணம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற சிறுமிகள் அவர் பின்னாலேயே போனார்கள்.

கோயில்பிள்ளையிடம் கையை நீட்டினேன். "கோலைக் குடுங்க."

"இதை நான்தாம்மா..."

"நீங்களே அணைங்க. ஆனா கிண்ணத்துல பட்டா விழுந்துடும். படாம அணைப்பீங்களா?"

தன் கையைப் பார்த்தார். கோலை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பற்று வைக்கிற கை என்று மாமா சொல்வார்; அந்தக் கையை நான் நம்ப வேண்டியிருந்தது அன்றுதான். நீளக் கோல். முனை ஆடியது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கூம்பை மெதுவாக இறக்கினேன். இடது ஓரத்துச் சுடர் கூம்புக்குள் மறைந்தது, புகை வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது அணையும்போது சூரியன் இன்னும் ஒரு விரல் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ "மாதாவே" என்றார்கள்.

"நான் பிடிச்சிட்டேன்," என்று பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

சூரியனின் முதுகில், தூக்கி மாட்டுவதற்காக ஒரு வளையம் வைத்திருந்தோம். துறட்டியின் கொக்கியை அதில் மாட்டிப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தார். நான் மிச்சமிருந்த சுடர்களையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"அணைச்சிட்டேன். பற்று இறுகணும். இழுக்காதீங்க, விடவும் விடாதீங்க. இப்படியே."

ஜனங்கள் சலசலக்கத் தொடங்கினார்கள். பின்னாலிருப்பவர்கள் என்னவென்று கேட்டு முன்னால் நெருக்கினார்கள். ஒருவர் தேர்க்கட்டை மேல் சாய்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அப்போது சாமியார், முடியும் தறுவாயில் இருந்த பிரார்த்தனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மேலே நடப்பதைப் பார்த்துத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். ஜனங்கள் நின்ற இடத்திலேயே நின்று பதில் சொன்னார்கள். அந்தப் பிரார்த்தனை முழுவதும் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மனிதர்கள் கல் போல நின்றார்கள். சூசையின் முகத்திலிருந்து வியர்வை சொட்டியது. நான் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சி இருந்தது. அதுவும் மங்கியது. அப்புறமும் நான் கொஞ்ச நேரம் விட்டுத்தான் சொன்னேன், போகலாமென்று.

சூரியன் இருட்டாகவே, துறட்டி மாட்டியபடியே கோயிலுக்குத் திரும்பியது. சூசையின் தோளில் பெரிய கொப்புளம். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தேரை இறக்கி வைத்ததும் கிராணி என் கணவரிடம் வந்தார். மகளின் கையை அவர் இன்னும் விட்டிருக்கவில்லை. "என்ன வேலை செஞ்சிருக்கீங்க? குழந்தைங்க மேல விழ இருந்துச்சு," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். என் கணவருக்குக் கண் சிவந்துவிட்டது. பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னபோது, நம் பக்கம் பேசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். நானே கிராணியை எச்சரித்திருக்கிறேன், அவர் கேட்கவில்லை, இதில் நம் தப்பு என்ன? மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மெக்சிகோ சட்டத்தை நான் பார்க்கணும்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிள்ளானுக்குப் போனோம். கிராணி விறைப்பாக நின்றார். மாமா படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொல்லி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் எங்கும் பற்று வைத்திருந்தது. கிண்ணங்களுக்குப் பின்னால் மட்டும் ஒரு சொட்டு ஈயம் கிடையாது. தகரத்தை இரண்டாக மடித்து, ஆணி வைத்துத் தட்டியிருந்தது.

"செஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கு, இங்க நெருப்பு வரும்னு," என்று மாமா தன் மகனிடம் சொன்னார். "நீ முன்பக்கத்தை மட்டும் வரைஞ்சிருக்கே."

என் கணவர் அந்த மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெயர் தெரியாத, எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டறைக்காரர் எங்கள் முன்னால் உட்கார்ந்து பேசியது போல இருந்தது.

பிறகு மாமா கிராணியிடம் திரும்பினார். "மெழுகுவர்த்தி வைக்கிற மாதிரி ஒண்ணைச் செஞ்சு குடுத்துட்டு, அதுல வைக்காதீங்கன்னு சொன்னோம். பார்க்கிறவங்க வைக்கத்தான் செய்வாங்க. அது எங்க வேலையில இருந்த குறை."

எனக்குச் சுருக்கென்றது. கிராணி படத்தை நிமிர்த்திக் கிண்ணங்களைப் பார்த்தார். "உங்க மருமக ரெண்டு தடவை வந்து சொன்னாங்க," என்றார். "நான்தான் கேக்கல. அன்னிக்கு ஜனங்க முன்னால உங்க மகனைப் பேசினதும் தப்பு." அப்புறம், கொஞ்சம் தயங்கி, "மறுபடி செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார்.

செய்தோம். இந்த முறை காதுகளைப் பற்று இல்லாமல் மடித்து, ஆணி அடித்தோம். கிண்ணங்களைச் சூரியனிலிருந்து தள்ளி வைத்தோம். தேரில் ஏற்றுவதற்கு முன் பட்டறை முற்றத்தில் நிறுத்தி, காற்று இல்லாத மத்தியான வேளையில் எல்லா மெழுகுவர்த்தியையும் ஏற்றி, அவை கரைந்து முடியும்வரை நாங்கள் மூவரும் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கும் இந்தப் பட்டறையிலிருந்து தலைக்கு மேலே தொங்குகிற எது வெளியே போனாலும், அதைச் செய்தவர் முதலில் அதன் கீழே உட்கார வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். காரணம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறு வருஷம் கிராணி மெழுகுவர்த்திக் கூடையை என்னிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பவனி அதே தெருவில் போய், அதே மூலையில் நின்றது. காற்று நின்றது. சுடர்கள் நிமிர்ந்தன. என் கண் தன்னால் இடது பக்கம் போனது. பட்டறையில் எத்தனை முறை சோதித்திருந்தாலும், அங்கே கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

முன்கட்டையில் இடது பக்கம் தோள் கொடுத்திருந்தவர் சூசைதான். வேறு இடம் தருகிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். பாரம் தோளில் இருப்பவரால் தலையை நிமிர்த்திப் பார்க்க முடியாது. தரையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, மேல எல்லாம் சரியா இருக்கா?"

நான் இன்னொரு முறை நன்றாகப் பார்த்தேன்.

"சரியா இருக்கு அண்ணே."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்து நின்றார்.